இருபத்தொரு கெஹிண்டேக்களைக் காணவில்லை

சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று, வீட்டுச் சாவியை நாக்கின்மேல் வைத்து, இரும்புக்கு உரிய தெய்வம் ஓகுன் சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன். எங்கள் ஊரில் இரும்பைத் தொட்டுப் பொய் சொன்னவன் லாரியில் அடிபட்டுத்தான் போவான். எனக்கு எழுபத்தாறு வயது. இன்னும் பெரிய ரோட்டைக் கடந்துதான் கடைக்குப் போகிறேன். அது போதாது என்பவர்களுக்காக, என்னோடு ஒரே வயிற்றில் கிடந்து என் பின்னாலேயே வெளியே வந்த என் இரட்டைச் சகோதரன் தலைமேலும் சத்தியம். இதற்கு மேல் சத்தியம் செய்ய ஒரு மனிதனிடம் வேறொன்றும் இருக்காது.

லாகோஸுக்கு வடக்கே இருக்கும் எங்கள் இக்போ-ஓராவில் இரட்டைப் பிள்ளைகள் இல்லாத வீட்டைக் கண்டால் என்ன குறை என்று நின்று விசாரித்துவிட்டுத்தான் போவோம். வெண்டை இலைக் குழம்புதான் காரணம் என்று பெண்கள் சொல்வார்கள். ஆண்கள் வேறு காரணம் சொல்வார்கள். ஆணோ பெண்ணோ, முதலில் வெளியே வருவது தாய்வோ, அடுத்து வருவது கெஹிண்டே. அதற்காகத் தாய்வோவை மூத்தது என்று நினைத்துவிடக் கூடாது. கெஹிண்டேதான் மூத்தது. ‘போய் உலகம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு’ என்று தாய்வோவை முன்னால் அனுப்பிவிட்டு, நிதானமாகப் பின்னால் வருவது அது. பிறந்த பிறகும் அப்படியே. ஊசி போடுவதா, புதுப் பாலத்தில் நடப்பதா, தாய்வோதான் முதலில் போக வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்ததை மற்றதற்கும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் மனம் கோணி, வந்த வழியே இரண்டும் திரும்பிப் போய்விடும் என்ற பயம் எந்தத் தாய்க்கும் உண்டு.

மற்ற ஊர்களில் நடக்காத ஒன்று எங்கள் ஊரில் நடந்ததற்கு இந்த வழக்கம்தான் காரணம்.

சந்தை முனையில் சிக்கிராத் அல்ஹாஜா ஒரு பிசினஸ் சென்டர் வைத்திருந்தாள். நகல் எடுப்பது, தட்டச்சு, பாஸ்போர்ட் படம், பாரம் நிரப்புவது எல்லாம் அங்கே. நான் நகராட்சியில் நாற்பது வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவன். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வரிசையைப் பார்த்துக்கொள்வேன். மின்சாரம் போனால் ‘பக்கத்து வீட்டானைவிட நான் மேல்’ என்று எங்கள் நாட்டார் பெயர் வைத்திருக்கும் சின்ன ஜெனரேட்டரின் கயிற்றை இழுப்பேன். தட்டச்சு இயந்திரம் பொய் சொல்லாது, தட்டியது காகிதத்தில் விழும், சத்தமும் கேட்கும். கணினி சத்தமே இல்லாமல் வேலை செய்கிறது. சத்தமில்லாமல் வேலை செய்கிற எதையும் நான் நம்புவதில்லை.

அந்த வருடம் கணினி மந்தமாகிவிட்டது. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு தட்டு அமலாக் களி சாப்பிட்டுக் கையும் கழுவிவிடலாம். அல்ஹாஜா, ரிப்பேர் பார்க்கும் வாசியூவைக் கூப்பிட்டாள். வாசியூவுக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு மனைவிகள், ஒரு ஸ்க்ரூடிரைவர். மூன்றையும் அவனால் சமாளிக்க முடியவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

அவன் கணினியின் பக்கவாட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அல்ஹாஜா, மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. உள்ள குப்ப. ஒரு காவல்காரன வச்சு விடுறேன். குப்பையும் கூட்டுவான், திருடனையும் பிடிப்பான்” என்றான்.

“அவனுக்கு என்ன குடுக்கணும்?”

“ஒண்ணும் வேணாம். லாகோஸ்ல இருக்க என் சித்தப்பா மகன் குடுத்தது. இலவசம்.”

நான் வாசலிலிருந்தே சொன்னேன். “கூலி கேக்காம காவல் காக்குறவன் எந்த வீட்ல சாப்புடுறான்னு கேட்டுக்கோ அல்ஹாஜா.”

“பாபா அஜாயி, நீங்க உங்க பொண்டாட்டிய சந்தேகப்பட்டே கெழவனானவரு” என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் இருந்தது. நாங்கள் ஓலோடே என்று வைத்துக்கொண்டோம். தெருக்காவலுக்கு நாங்கள் வைக்கிற வேட்டைக்காரனை அப்படித்தான் அழைப்போம். தான் தூங்கவில்லை என்று காட்ட அவன் மணிக்கொரு தரம் விசில் ஊதுவான். அவன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று திருடனுக்கும் அதில் தெரிந்துவிடும். இதுவும் கால் மணிக்கு ஒருமுறை ‘ட்டிங்’ என்றது. ஒரு கேடயமும் அதன் நடுவில் ஒரு கண்ணுமாகப் படம் வரும். ‘நானூற்று இருபத்துமூன்று ஆபத்துகள் கண்டுபிடிக்கப்பட்டன’ என்று சிவப்பில் எழுதும். முந்தின நாள்வரை ஆபத்து இல்லாத கடை அது.

பாதிரியார் தன் பிரசங்கத்தை அச்செடுக்கப் பென்டிரைவ் கொண்டுவந்தார். அதில் பத்தொன்பது ஆபத்துகள் என்றது ஓலோடே. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் படித்துவிட்டார்கள். மறுநாள் இமாம் கொண்டுவந்தார். அவருக்கும் பத்தொன்பது. பாதிரியார் சாயங்காலம் வந்து, குரலைத் தாழ்த்தி, இமாமுக்கு எத்தனை என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். இருபதாவது இருந்திருக்கலாமே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. பள்ளித் தலைமையாசிரியரின் பென்டிரைவில் ஒன்றுமே இல்லை என்று வந்தபோது, இவ்வளவு சுத்தமாக இருக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். நானும் பேசினேன்.

மூன்று நிமிடம் யாரும் விசைப்பலகையைத் தொடாவிட்டால், ‘அங்கே இருப்பது நீங்கள்தானா?’ என்று கேட்கும். அல்ஹாஜா ஆமாம் என்று அழுத்துவாள். ‘உறுதியாகவா?’ என்று கேட்கும். ஒருநாள் அவள் அழுத்தத் தயங்கினாள். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

பள்ளி இறுதித் தேர்வுக்குப் பெயர் பதியும் வாரம் வந்தது. அறுபது பிள்ளைகளின் படங்களை அல்ஹாஜா எடுத்துக் கணினியில் வைத்திருந்தாள். அதில் இருபத்திரண்டு ஜோடி இரட்டையர்கள். எல்லாவற்றையும் ஒரே கட்டாக, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். எங்கள் ஊர் இணையத்தில் அது போய்ச்சேர இரண்டு மணி நேரம் ஆகும். அல்ஹாஜாவின் சொந்தப் பெண்கள் இருவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவளுடைய கெஹிண்டே நர்ஸ் ஆவதென்று ஏழு வயதில் தீர்மானித்து, வீட்டில் வாங்கிவரும் வாழைக்காய்களுக்கெல்லாம் ஊசி போட்டுக்கொண்டிருந்தவள். இந்த வருடத் தேர்வை எழுதினால்தான் அபேயோகுட்டா நர்ஸிங் கல்லூரியில் அவளுக்கு இடம். தாய்வோவுக்கு அப்படி ஆசை ஒன்றும் இல்லை. கெஹிண்டே எங்கே அனுப்புகிறாளோ அங்கே முதலில் போவாள்.

வியாழன் காலை கடை திறந்ததும் ஓலோடே பச்சை எழுத்தில் சிரித்தது. ‘தேவையற்ற இருபத்தொன்று அகற்றப்பட்டன.’ அது தினமும் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லும் என்பதால் அல்ஹாஜா கவனிக்கவில்லை. பிறகு பிள்ளைகளின் படங்களைத் திறந்தாள். அப்படியே நாற்காலியில் சரிந்தாள்.

தாய்வோக்கள் எல்லாரும் இருந்தார்கள். கெஹிண்டேக்களில் இருபத்தொரு பேரைக் காணவில்லை.

பத்து மணிக்குள் தாய்மார்கள் கூடிவிட்டார்கள். ஒற்றைப் பிள்ளை பெற்றவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஒன்று எழுதி மற்றது வீட்டில் உட்கார்ந்தால் இரண்டுக்கும் ஆகாது, ஆகவே தாய்வோவையும் தேர்வுக்கு அனுப்பமாட்டோம் என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். ஒரு வருடம் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு வீண். அல்ஹாஜா மறுபடி படம் எடுத்தாள். தாய்வோ முதலில், கெஹிண்டே அடுத்து, முறைப்படி. கடைசிப் பெண் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள் ‘ட்டிங்’. மறுபடி இருபத்தொரு பேர் இல்லை.

சந்தேகம் முதலில் போனது மொரேனிகேமேல். அவள் சந்தையில் மிளகாய் விற்பவள். காணாமல் போகாத ஒரே கெஹிண்டே அவளுடைய மகள்தான்.

“எல்லாரு பிள்ளையும் போச்சு, உன் பிள்ள மட்டும் எப்படிடி உக்காந்திருக்கு?” என்று ஒருத்தி கேட்டாள்.

“என் பிள்ள கல்லு மாதிரி. உன் பிள்ள காத்துல போற பிள்ள. அதுக்கு நான் என்ன செய்ய?” என்றாள் மொரேனிகே. கடையில் நாற்காலிகள் பெயர ஆரம்பித்தன.

அடுத்த சந்தேகம் எதிர்க்கடை ராவூஃப்மேல். அவனும் பிசினஸ் சென்டர்தான். வேவு பார்த்து வர அல்ஹாஜா என்னை அனுப்பினாள். நான் ஒரு பழைய ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு, நகல் எடுக்க வந்தவன்போல உள்ளே போனேன். அவன் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான்.

“வேவு பாக்க வந்தீங்களா பாபா?”

“ஆமா.”

“போய் அவகிட்டச் சொல்லுங்க. எங்கிட்ட எடுத்த பாஸ்போர்ட் படத்துலயும் ஒம்போது கெஹிண்டேவக் காணோம். நான் அவதான் செஞ்சிருப்பான்னு உக்காந்திருக்கேன்.”

வந்து சொன்னேன். இரண்டு கடைக்கும் பொதுவாக வந்து போகிறவன் யார் என்று யாரோ கேட்டார்கள். கணினியைப் பார்க்கக் காலையிலேயே வரவழைத்திருந்த வாசியூவின் பக்கம் எல்லாரும் திரும்பினார்கள். அவன் ஏற்கெனவே வாசல்வரை நகர்ந்திருந்தான். நான் பெஞ்சைக் குறுக்கே போட்டேன்.

ஓலோடேயை ஊரில் உள்ள எல்லாக் கணினியிலும் வைத்தவன் அவன்தான். சரி, அதை எடுத்துத் தொலை என்றார்கள். எடுக்கப் பார்த்தான். அப்போதுதான் அந்த விஷயமே தெரிந்தது. நான்கு நாளைக்கு முன்பு ஓலோடே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தானே ஒரு திருட்டுப் பிரதி என்று கண்டுபிடித்திருக்கிறது. நானூற்று இருபத்துநான்காவது ஆபத்து அதுவேதான். சட்டப்படி தன்னைத் தானே அறையில் போட்டுப் பூட்டிக்கொண்டு, உள்ளே இருந்தபடி காவல் காத்துக்கொண்டிருந்தது. சாவியும் உள்ளே. வாசியூ வெளியிலிருந்து நோண்ட நோண்ட, ‘வாசியூ: ஆபத்து’ என்று அவன் பெயரையும் பட்டியலில் எழுதிவிட்டது.

“பாத்தீங்களா, அதுவே சொல்லுது” என்றாள் ஒரு தாய்.

அவன் இரும்பில் நாக்கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவானது. வேறு இரும்பு எதற்கு, அவனுடைய ஸ்க்ரூடிரைவரே இருக்கிறது. அதை அவன் வாய்க்கு நேராக நீட்டினார்கள். அவன் வியர்த்தான். வாயைத் திறக்கவில்லை. கூட்டம் ஒரு அடி நெருங்கியது. குற்றவாளி தயங்கினால் எங்கள் ஊருக்கு வேறு சாட்சி வேண்டாம்.

“ஏன்டா வாய மூடிக்கிட்டு நிக்கிற? செய்யலன்னா செய்யலன்னு சொல்லு” என்றாள் அல்ஹாஜா. மூலையில் அவளுடைய கெஹிண்டே நின்றுகொண்டிருந்தாள்.

“நான் செய்யல அல்ஹாஜா. அது எனக்குத் தெரியும். ஆனா நான் வச்சது என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியாதே. தெரியாத விஷயத்துக்கு எப்படி இரும்ப நக்குவேன்? ரெண்டு பொம்பளைங்கள விதவையாக்கச் சொல்றீங்களா?”

எங்கள் ஊரில் அன்று நான் கேட்ட ஒரே நேர்மையான பேச்சு அதுதான். அதனால் உடனே எனக்கு அவன்மேல் சந்தேகம் போய்விட்டது; வழக்கத்தில் இல்லாத விஷயம். காலையில் படித்த எண் எனக்கு நினைவுக்கு வந்தது. தேவையற்றது இருபத்தொன்று. காணாமல் போனது இருபத்தொன்று.

கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, சந்தைக்குப் பின்னால் இருக்கும் என் இரட்டைச் சகோதரன் வீட்டுக்குப் போனேன். அவன் மர நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, சுட்ட சோளம் தின்றுகொண்டிருந்தான். என் மூக்கு, என் வழுக்கை, என் தொப்பி. காரணம் சொல்லாமல் இழுத்துவந்தேன். கேமராவுக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தோம். நான் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்ததால் அவன் படம் முதலில் விழுந்தது, என் படம் அடுத்து. இரண்டையும் கணினியில் வைத்தோம். வாசியூவின் இரண்டு கையையும் இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஜெனரேட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

‘ட்டிங்.’

‘தேவையற்ற ஒன்று அகற்றப்பட்டது.’

திறந்து பார்த்தோம். அவன் இருந்தான். நான் இல்லை.

“அறுபது வருஷமா இதத்தான் நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன்” என்று சொல்லிவிட்டு என் சகோதரன் மிச்சச் சோளத்தைத் தின்னப் போய்விட்டான்.

பெண்கள் வாசியூவின் கையை விட்டார்கள். விஷயம் விளங்கிவிட்டது. ஓலோடேயை எழுதினவன் ஒரு பிரசவத்துக்கு ஒரு பிள்ளை என்று வாழ்கிற ஏதோ நாட்டுக்காரன். ஒரே முகம் இரண்டு இருந்தால் இரண்டாவது குப்பை என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். எங்கள் பிள்ளைகளோ எதற்கும் தாய்வோவை முன்னால் அனுப்புகிறவர்கள். கேமரா கடிக்குமா என்று பார்த்துவர அதற்கும் தாய்வோதான் முதலில் போயிருந்தது. ஆகவே இரண்டாவது எப்போதும் கெஹிண்டே.

ஆனால் பதிவுக்கு வழி? வரிசையை மாற்றி எடுத்தால் தாய்வோ போய்விடும். இணையமோ இரண்டு மணி நேரம் கேட்கும், ஓலோடே கால் மணிதான் கொடுக்கும். ஊரில் அது இல்லாத கணினி இல்லை. அல்ஹாஜா மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மொரேனிகேயின் மகள் படத்தைத் திறக்கச் சொன்னேன். அவள்மேல் எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. படத்தில் அந்தப் பெண்ணின் கண்கள் இரண்டும் தக்காளிபோல வீங்கி, மூக்கு சிவந்து, உதடு ஒரு பக்கம் பிதுங்கி இருந்தது. தாய்வோவின் படத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

“ஏன் இப்படி?”

மொரேனிகே முதன்முறையாகத் தலை குனிந்தாள். “காலைல ரோடோ மிளகா இடிச்சுட்டு, கை கழுவாம கண்ணத் தேச்சுக்கிட்டா. நல்லா கழுவிட்டு வாடின்னு சொன்னேன், கேக்கல.”

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலை இருபத்தொரு கெஹிண்டேக்களும் வரிசையில் நின்றார்கள். மொரேனிகே ஒரு கூடை ரோடோ மிளகாயோடு உட்கார்ந்து, ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு இழுப்பு இழுத்தாள். முந்தின நாள் தன்னை ஏசின தாயின் பிள்ளைக்கு மட்டும் இரண்டு இழுப்பு. முகம் நன்றாக வீங்கியதும் படம் எடுத்தோம். ‘ட்டிங்’ என்றது. ஓலோடே அவர்களைப் பார்த்தது, நெடுநேரம் பார்த்தது. ‘ஆபத்து ஏதும் இல்லை’ என்றது. கட்டு நான்கு மணிக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது போய்ச்சேர்ந்தது.

அத்தோடு முடிந்துவிடவில்லை. தேர்வு அன்று இபாடானிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வாசலில் உட்கார்ந்து, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபிறகுதான் உள்ளே விட்டார். நாங்களும் எதிர்பார்த்ததுதான். இருபத்திரண்டு கெஹிண்டேக்களும் சீருடைப் பையில் ஆளுக்கொரு மிளகாய் வைத்திருந்தார்கள். வாசலுக்குப் பத்தடி முன்னால் நின்று தேய்த்துக்கொண்டு, கண்ணீர் வழிய உள்ளே போனார்கள். அதிகாரி ஒவ்வொருவரிடமும் வீட்டில் யார் தவறிப்போனார்கள் என்று கேட்டார். இருபத்திரண்டாவது பிள்ளை வந்தபோது எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றினார். தேர்வு முழுக்க யாரையும் சந்தேகப்படவில்லை.

அல்ஹாஜாவின் கெஹிண்டே நல்ல மதிப்பெண் வாங்கினாள். அபேயோகுட்டாவில் சேர்ந்தாள். பதிவில் இருப்பது அந்த முகம்தான் என்பதால், கல்லூரி அட்டைக்கும் மருத்துவமனை அட்டைக்கும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போதும் மிளகாய் தேய்த்துக்கொண்டுதான் போவாள். புதுப்பிக்கிற அன்று வார்டில் கண்ணைத் துடைத்தபடி அவள் நடந்து வருவதைப் பார்த்து, நம் நிலைமை இவ்வளவு மோசமா என்று பயந்து நோயாளிகள் எழுந்து வீட்டுக்கு நடந்துவிடுவார்கள். அந்த மருத்துவமனையில் அந்த ஒரு நாளில் குணமாகிறவர்கள் மற்ற மாதங்களில் மொத்தமாகக் குணமாகிறவர்களைவிட அதிகம்.

வாசியூ இப்போது கணினியை விட்டுவிட்டுக் குளிர்பெட்டி ரிப்பேர் பார்க்கிறான். உள்ளே வைத்ததைத் திறந்தால் பார்க்க முடிகிறது என்கிறான். அந்தப் பழைய கணினி அல்ஹாஜாவின் பின்கட்டில் துணி மூடிக் கிடக்கிறது. அதற்குள் என் சகோதரன் படம் இன்னும் இருக்கிறது. என் படம் இல்லை. இதையெல்லாம் நம்பாதவர்கள் சந்தைக்குப் பின்னால் போய், மர நிழலில் சோளம் தின்றுகொண்டிருக்கும் அவனையே கேட்டுக்கொள்ளலாம். தேர்வு, மிளகாய், ஓலோடே எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த சாட்சி அவன். சோதனைக்கு அவன் வந்திராவிட்டால் வாசியூவும் இல்லை, அந்த நர்ஸும் இல்லை.

என் அம்மா பெற்றது ஒரே பிரசவம், ஒரே பிள்ளை, அது நான்.